பன்னிரண்டா, இருபத்துநான்கா

நவம்பர் 6, புதன்

மனைவி செல்லக்கனி சொன்னதால் இந்த டைரியை ஆரம்பிக்கிறேன். "உங்க சந்தேகத்தையும் கோவத்தையும் போன்ல எங்கிட்ட கொட்டாதீய. எழுதித் தொலைங்க, பிரஷராவது கொறையும்" என்றாள். நான் அப்படி எதைச் சந்தேகப்பட்டேன்? வீட்டுச் சாவியை எதற்குப் பக்கத்து வீட்டில் கொடுத்தாய் என்று கேட்டேன். அது ஒரு சந்தேகமா?

இங்கே வந்து ஒரு வாரம் ஆகிறது. தமிழ்நாட்டிலிருந்து அனுப்பப்பட்ட எங்கள் போலீஸ் கம்பெனி, இந்த வடக்கத்திக் காட்டில், மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருக்கிறது. எதிரே தெரிகிற மலையில் வன்சேனா என்கிற ஆயுதக் கும்பல்காரர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தை எரிப்பார்கள், சோறு போட மறுத்தவன் கையை வெட்டுவார்கள், போலீசோடு பேசியவனைக் கொன்று ரோட்டில் போடுவார்கள். மூன்று மாதத்துக்குள் அவர்களை மலையை விட்டு இறக்க வேண்டும் என்பது எங்களுக்கு உத்தரவு.

எங்களுக்குத் தலைமை, உதவித் தளவாய், அதாவது அசிஸ்டென்ட் கமாண்டன்ட், கிருபாகரன். சுருக்கமாக ஏ.சி. என்போம். அடுத்த ஆள் நான், எஸ்.ஐ. தவசிக்கண்ணு.

எங்களுக்கு இங்கே பெரிய வசதி, வயர்லெஸ்ஸில் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். ஒருத்தனுக்கும் புரியாது. ஒரே ஒருத்தனைத் தவிர. அவன் பெயர் சுக்ராம், எங்கள் மொழிபெயர்ப்பாளன். இந்த ஊர்க்காரன்தான், ஆனால் திருப்பூர்ச் சாயப்பட்டறையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன். "ஏனுங்க சார், தண்ணி காய வெக்கட்டுங்களா?" என்று அவன் கேட்கும்போது எனக்கு எரிச்சலாக வருகிறது. இந்தக் காட்டில் பிறந்தவனுக்கு எதற்கு இவ்வளவு நல்ல தமிழ்? அவனுடைய அண்ணனை வன்சேனா கொன்றுவிட்டதாம், அதனால் போலீசுக்கு வந்தானாம். எல்லாம் அவன் வாயால் சொன்னது. விசாரிக்க வேண்டும்.

நவம்பர் 10, ஞாயிறு

ஏ.சி. இன்று கரும்பலகையில் மலையை வரைந்தார். மலை, தோசைக் கரண்டி மாதிரி வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"மூணு ரோடு, மூணு வண்டி. மூணு பக்கமும் ஒரே நேரத்துல அடைச்சுட்டா எங்கய்யா போவான்?" என்றார்.

"சார், வண்டிச் சத்தம் மலை உச்சி வரைக்கும் கேக்கும். பத்துப் பன்னெண்டு பேரா நடந்து போவோம். சத்தமில்லாமப் போயி, அவன் சாமானத் தூக்கிட்டு வருவோம்" என்றேன்.

"நடந்தா? அவன் காடுய்யா அது. நம்மாளுங்க காலை உடைச்சுக்கிட்டு வருவானுங்க."

ஒரு மணி நேரம் வாதாடினோம். கடைசியில் ஏ.சி., வாசலில் நின்ற சுக்ராமைப் பார்த்து, "நீ சொல்லுடா" என்றார்.

"மலைக்கே போக வேண்டாமுங்க. மலையில என்னத்தையுங்க திங்கறாங்க? அடிவாரத்துல நாலு ஊரு, அங்கிருந்துதான் சோறு போகுது. அந்த நாலு ஊர்லயும் நீங்க போயி உக்காந்துக்கிட்டீங்கன்னா, சனங்களுக்குப் பயம் போயிரும். சோறு நின்னு போச்சுன்னா ஒரு மாசத்துல அவங்களே எறங்கி வருவாங்க."

ஏ.சி. யோசனையோடு தலையாட்டினார். எனக்குத் தோன்றியது வேறு. மலைக்குப் போக வேண்டாம் என்று ஏன் சொல்கிறான்? மலையில் இவனுக்கு யார் இருக்கிறார்கள்?

முடிவில் ஏ.சி. திட்டம்தான். செவ்வாய் காலை மூன்று வண்டி.

நவம்பர் 11, திங்கள்

ஜெனரேட்டர் மக்கர். சமையல்காரன் எசக்கி சாம்பாரில் புளிக்குப் பதில் என்னத்தையோ போட்டிருக்கிறான், கேட்டால் முழிக்கிறான்.

சாயங்காலம் ரோட்டு முக்கில் இருக்கிற சந்தைக்கு எசக்கியோடு நானே போனேன். தினமும் கூடுகிற சின்னச் சந்தைதான், இருந்தாலும் எத்தனை காது இருக்குமோ? அங்கே நான் வாயையே திறப்பதில்லை. எலுமிச்சம்பழம் விற்பது ஒரே ஒரு பொம்பளை, வீட்டுக்குப் பின்னால் மரம் நிற்கிறதாம். விரலால் பன்னிரண்டு என்று காட்டினேன். மூன்று வண்டி, வண்டிக்கு நாலு சக்கரம். சக்கரத்துக்கு ஒரு பழம் வைத்து நசுக்காமல் வண்டியை எடுக்கக் கூடாது என்று செல்லக்கனி என்னிடம் சத்தியமே வாங்கியிருக்கிறாள். டிரைவர் முப்பிடாதி அவளுக்கும் மேலே, பழம் இல்லை என்றால் சாவியையே போட மாட்டான். ஏ.சி.க்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "எனக்கு ரெண்டு குடுங்கய்யா, ஜூஸ் போட்டுக் குடிக்கிறேன்" என்று கிண்டல் செய்தார்.

நாலு நாளாகச் சந்தையில் சுக்ராம் யார் யாரோடு பேசுகிறான் என்று கவனித்து வருகிறேன். எல்லோரோடும் பேசுகிறான். பழக்காரிக்குப் பக்கத்தில் சைக்கிளைச் சாத்தி வைத்துக்கொண்டு புகையிலை மெல்லும் ஒருவன்தான் இந்த ஊரிலேயே வாயை மூடிக்கொண்டு இருப்பவன். இருந்தால் அப்படி இருக்க வேண்டும்.

நவம்பர் 12, செவ்வாய்

மலை காலி. சாப்பிட்ட இலைகள் கிடந்தன, சோறு இன்னும் காயவில்லை. கூடாரக் கயிறுகளை அவிழ்த்து, சுருட்டி, சாவகாசமாகக் கிளம்பியிருக்கிறார்கள். மூன்று ரோட்டிலும் சாலையோர மரங்களில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள், எங்களை வரவேற்கிறார்களாம்.

நாங்கள் வருவது அவர்களுக்கு முதல் நாளே தெரியும். சந்தேகமே இல்லை.

நவம்பர் 13, புதன்

யார்?

நவம்பர் 18, திங்கள்

பொறி வைத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமையன்று சுக்ராமைத் தனியாகக் கூப்பிட்டு, "சனிக்கிழமை காலையில கெழக்கு ரோட்டுல போறோம். யார்ட்டயும் மூச்சு விடாத" என்றேன். சனிக்கிழமை இரண்டு பேரை மாடு மேய்ப்பவர்களைப் போல அனுப்பிக் கிழக்கு ரோட்டைப் பார்க்கச் சொன்னேன். ஒரு சிவப்புத் துணி இல்லை, ஒரு ஆள் நடமாட்டம் இல்லை.

"அப்போ அவன் இல்லைய்யா" என்றார் ஏ.சி.

பொறி என்று கண்டுகொண்டான் என்பது ஏ.சி.க்குப் புரியவில்லை. சாதாரண ஆளாக இருந்தால் மாட்டியிருப்பான். மாட்டவில்லை என்றால் அவன் எப்பேர்ப்பட்டவன் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நவம்பர் 21, வியாழன்

நான் சொன்னது நடந்தது! ஏ.சி. கடைசியில் இறங்கிவந்து, "சரி, உன் வழியில ஒரு தடவை போய்ட்டு வா" என்றார். பன்னிரண்டு பேர், நடை. வண்டி கிடையாது, ஆகவே பழம் வாங்கும் வேலையும் இல்லை. சுக்ராமிடம் மட்டும் மூச்சு விடவில்லை, அவனை எசக்கியோடு விறகு பிளக்க உட்கார வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகக் கிளம்பினோம்.

ஓடைக்கரையில் அவர்களுடைய சாமான் குழியைப் பிடித்தோம். நாலு மூட்டை அரிசி, வயர், பேட்டரி. காவலுக்கு இருந்தவன் செருப்பை விட்டுவிட்டு ஓடினான்.

சுக்ராமுக்குத் தெரிந்தால் மலை காலி. தெரியாவிட்டால் சரக்கு நம் கையில். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஏ.சி.யிடம் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே, "பார்க்கலாம்" என்றார்.

நவம்பர் 26, செவ்வாய்

சுக்ராம் இன்று என் அறைக்கு வந்தான். "சார் எம்மேல கோவமா இருக்கறாப்புல தெரியுதுங்க" என்றான்.

"உன் வீட்டுக்கு நீ போறதே இல்லையே, ஏன்?"

"போனா வெட்டிப் போடுவாங்க சார். பொண்டாட்டியும் கொழந்தையும் மாமனார் ஊர்ல இருக்கறாங்க, சால்பாராவுல. அங்கயும் என்னால போக முடியாது. இந்தக் கேட்டுக்குள்ள இருக்கற வரைக்குந்தானுங்க எனக்கு உசுரு."

நன்றாகப் பேசுகிறான்.

டிசம்பர் 2, திங்கள்

மறுபடியும் ஏ.சி.யோடு வாக்குவாதம். நடந்தே போவோம், அதில்தான் பலன் என்றேன். "நாலு மூட்டை அரிசிக்காகவாய்யா நம்மள அனுப்பியிருக்காங்க? மேலிடத்துல என்னைக் கேக்கறாங்க" என்கிறார். நாளைக்கு ஆறு வண்டி, ஒரே ரோடு, மலையைத் துடைத்துவிட்டு வருவது என்று முடிவு. நாள் எனக்கும் ஏ.சி.க்கும் மட்டும்தான் தெரியும், டிரைவர்களுக்கே விடியற்காலையில்தான் சொல்வோம்.

சந்தையில் இருபத்துநாலு பழம். பொம்பளை பொறுக்கிப் பொறுக்கிப் பெரிய பழமாகக் கொடுத்தாள். எசக்கிக்கு வெங்காயம் அழுகல்.

டிசம்பர் 3, செவ்வாய்

முப்பிடாதி செத்துப் போய்விட்டான்.

காலையில் ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து குனிந்து பழம் வைத்தான். "இந்தத் தடவ பழம் நல்ல பெருசு சார், ஒண்ணும் வராது" என்று சிரித்தான். மலைக்குப் போகிற வழியில் இருக்கும் பாலத்துக்கு இந்தப் பக்கம் முதல் வண்டியைப் போக விட்டார்கள், இரண்டாவது வண்டிக்குக் கீழே குண்டு வெடித்தது. அதில்தான் அவன். ஆறாவது வண்டி கடந்ததும் பின்னால் மரத்தைச் சாய்த்தார்கள். ஆறு வண்டி என்பது வரை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது! ஏழாவது வருமா என்று ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கவில்லை. எட்டுப் பேருக்குக் காயம். மதியம் வரை சுட்டுக்கொண்டே பின்வாங்கி வந்து சேர்ந்தோம்.

முப்பிடாதி எங்கள் பக்கத்து ஊர்க்காரன். அவன் வீட்டுக்கு நான்தான் போன் செய்தேன். அவனுடைய அம்மா, "பழம் வச்சானாய்யா?" என்று கேட்டாள். வச்சான் ஆத்தா என்றேன். போனை வைத்துவிட்டு அழுதுவிட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் நாங்கள் ஆறு வண்டிக்கும் டீசல் ஊற்றும்போது சுக்ராம் பக்கத்தில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். என் கண்ணால் பார்த்தேன்.

டிசம்பர் 4, புதன்

விசாரித்தோம். நான் அடித்தேன், மறைக்கவில்லை. "எங்கொழந்தை மேல சத்தியமுங்க சார்" என்றதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஏ.சி. என்னை வெளியே அழைத்து, "ஆதாரம் ஒண்ணும் இல்லைய்யா. உனக்கு நிச்சயமா?" என்றார்.

"நிச்சயம் சார்."

"உன்னை நம்பித்தான் செய்யறேன்."

அவனை முகாமை விட்டு வெளியேற்றினோம். கேட்டைப் பிடித்துக்கொண்டு, "எச்சப் பாத்திரம் கழுவிக்கிட்டுக் கெடக்கறனுங்க, வெளிய மட்டும் தள்ளாதீங்க" என்றான். ஊர் பார்க்க அழுதான். காவலுக்கு நின்றவர்கள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

இனி நிம்மதி. ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. எசக்கியின் சமையல் அப்படி.

டிசம்பர் 8, ஞாயிறு

முப்பிடாதியின் வண்டிக்குப் பதில் வேறு வண்டி கொண்டுவர நாளைக்கு மூன்று வண்டி டவுனுக்குப் போவதாக இருந்தது. பழம் வாங்கப் போனேன்.

நான் கையைத் தூக்குவதற்கு முன்னாலேயே அந்தப் பொம்பளை சிரித்துக்கொண்டே தன் விரல்களைக் காட்டினாள். பத்து, அப்புறம் இரண்டு. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள். பிறகு அதையே இரண்டு தடவை காட்டினாள். பன்னிரண்டா, இருபத்துநான்கா என்று கேட்கிறாள். நல்ல வாடிக்கைக்காரனைக் கடைக்காரி கேட்கிற கேள்விதான்.

பக்கத்தில் சைக்கிள்காரன். புகையிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு, ஒரு காலைப் பெடலில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அவனும் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி மெல்ல ஆரம்பித்தான்.

எசக்கி வழியெல்லாம், "பழம் வேண்டாமா சார்? என்ன சார், மேலுக்குச் சொகமில்லையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். டவுன் பயணம் நாளைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 9, திங்கள்

ஏ.சி.யிடம் சொன்னேன். கிண்டல் செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பன்னெண்டு பழம் மூணு வண்டி. இருபத்துநாலு ஆறு வண்டி. நடந்து போன அன்னிக்குப் பழம் இல்லை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "யார் யாருக்குத் தெரியும்?"

"நம்ம ரெண்டு பேருக்குத்தான் சார். இப்பவே சால்பாராவுக்கு ஆள் அனுப்பி சுக்ராமைக் கூட்டிட்டு வந்துரலாம்."

"வேணாம்."

எனக்கு விளங்கவில்லை. அவர் கரும்பலகைப் பக்கம் போய்ச் சாக்பீஸை எடுத்தார்.

"புதன்கிழமை நீ போய் இருபத்துநாலு பழம் வாங்கு. ஆறு வண்டிக்காக அவனுங்க பாலத்துக்கிட்ட வந்து உக்காருவானுங்க. நம்மாளுங்க மதியமே பின்பக்கமா நடந்து போய் அவனுங்களுக்கு மேல உக்காந்திருப்பாங்க. நீ கேட்ட நடைதான்யா! ஆனா இது ஓடணும்னா, சுக்ராம்தான் துரோகின்னு நாம நம்பிக்கிட்டிருக்கோம்னு அவனுங்க நம்பணும். அவனை இன்னிக்கு உள்ள கூப்பிட்டா சைக்கிள்காரன் நாளைக்கே உஷாராயிடுவான்."

"சார், வெளியில இருந்தா அவனைக் கொன்னுருவாங்க."

"அஞ்சு நாளா கொல்லலையே? மூணு நாள்தான்யா. முப்பிடாதி ஒருத்தன் போதாதா உனக்கு?"

நான் வாதாடினேன். போதுமான அளவு வாதாடினேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதோடு, இன்றைக்கு அவனைக் கூப்பிட்டால் என்ன காரணம் என்று கம்பெனிக்கே சொல்ல வேண்டியிருக்கும், சேதி முப்பிடாதி வீட்டுக்கும் போகும். இதை நான் யோசிக்கவில்லை, ஏ.சி.தான் எடுத்துச் சொன்னார்.

டிசம்பர் 10, செவ்வாய்

ஜெனரேட்டர் சரியாகிவிட்டது. பெல்ட் மாற்றினோம். மாற்று வண்டியை டவுன்காரர்களே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள், மறுபடியும் ஆறு வண்டி. எசக்கிக்குக் கோழி கிடைத்தது, குழம்பு பரவாயில்லை. செல்லக்கனிக்குப் போன் செய்தேன், குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். சளி என்றேன்.

மத்தியானம் சுக்ராம் கேட்டுக்கு வந்திருந்தான். ஆறு நாளில் பாதி ஆளாகியிருந்தான். "நேத்து மாமனார் ஊட்டுல வந்து தேடீட்டுப் போனாங்க சார். நெல்லுக் குதிருக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டிருந்தனுங்க. இன்னொருக்கா வந்தா..." என்றான்.

ரோட்டில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். சைக்கிள்காரன் மரத்தடியில் நின்றானோ இல்லையோ, தெரியவில்லை. நான் சத்தம் போட்டேன். துரோகி என்றேன், இன்னொரு தடவை வந்தால் சுட்டுவிடுவேன் என்றேன். கல்லைக்கூட எடுத்தேன். எறியவில்லை.

வியாழன் வரை பொறுத்துக்கொள் என்று பல்லுக்குள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் அதைப் போய் மாமனாரிடம் சொல்லுவான், மாமனார் வேறு எவனிடமாவது சொல்லுவான். இந்த ஊரில் யாரைத்தான் நம்ப முடிகிறது?

டிசம்பர் 11, புதன்

இருபத்துநாலு பழம் வாங்கினேன். சைக்கிள்காரன் என் கை இறங்குவதற்குள் பெடலை மிதித்துவிட்டான்.

டிசம்பர் 12, வியாழன்

வெற்றி. பாலத்துக்குப் பக்கத்தில் பதினேழு பேர் வண்டிக்காகக் காத்திருந்தார்கள், எங்கள் ஆட்கள் அவர்களுக்கு மேலே உட்கார்ந்திருந்தார்கள். எட்டுப் பேர் செத்தார்கள், ஒன்பது பேர் கையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பக்கம் ஒரு கீறல் இல்லை. சைக்கிள்காரனும் பிடிபட்டான். பழக்காரி கடை விரிக்கவில்லை, வீடும் பூட்டிக் கிடக்கிறது. ஏ.சி. என்னைக் கட்டிப்பிடித்து, "இதுதான்யா வியூகம்!" என்றார். மேலிடத்துக்கு என் பெயரை மெடலுக்கு எழுதுகிறாராம்.

நாளைக்குக் காலையில் முதல் வேலையாகச் சால்பாரா. ஏ.சி. ஜீப் தருகிறேன் என்றார். வேண்டாம், நடந்தே போய்க் கூட்டி வருகிறேன் என்றேன்.

டிசம்பர் 13, வெள்ளி

போனேன்.

மாமனார் வீட்டு முற்றத்தில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் சீருடையைப் பார்த்து எழுந்து விலகினார்கள். சுக்ராமின் மனைவி பூல்மதி கைக்குழந்தையோடு வந்தாள். அவளும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவளாம், அவனைப் போலவே பேசுகிறாள்.

"முந்தாநேத்து சாயங்காலம் வந்து இழுத்துட்டுப் போனாங்க சார். காலைல ரோட்டுல கெடந்தாரு. போலீசு ஆளுன்னு எழுதி மேல வெச்சிருந்தாங்க" என்றாள்.

முந்தாநேற்றுச் சாயங்காலம் நான் பழம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அவன் ஒரு தப்பும் செய்யவில்லை, தகவல் வேறு வழியாகப் போயிருக்கிறது, அரசாங்கத்தில் சொல்லி உதவிக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். குழந்தை என் தொப்பியைப் பிடித்து இழுத்தது. அதன் விரல்களை நான் பிரிக்கவில்லை, தொப்பியையே கொடுத்துவிட்டேன்.

பிறகு அவள், "அவரு தப்புப் பண்ணலைன்னு உங்களுக்கு எப்பங்க தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

குற்றம் சாட்டுகிற மாதிரி கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நேத்துத்தான்மா" என்றேன்.

"நானும் அதத்தானுங்க இவங்க கிட்டச் சொன்னேன்" என்று அவள் முற்றத்தில் இருந்தவர்களைக் காட்டினாள். "முன்னமே தெரிஞ்சிருந்தா நீங்க வந்து கூட்டீட்டுப் போயிருக்க மாட்டீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.